பழைய கார் வாங்குமுன் துருவைப் பாருங்க!

சேமலாப நிதியை எடுத்து, நகையை அடகு வைத்து நம் குடும்பங்கள் பழைய கார் வாங்குகின்றன. மட்டக்களப்புப் பக்கம் வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: பளபளக்கும் பெயின்டைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவில் கடலோடு சேர்கிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே கல்லடி போன்ற ஊர்கள். காற்றிலேயே உப்பு. உப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே பிடித்த துரு, நம் மலை ஈரத்திலும் நிற்காமல் அரிக்கும்.

எப்படிப் பார்ப்பது?

1. பகல் வெளிச்சத்தில், கழுவிக் காய்ந்த வண்டியைப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பு, சக்கரத்தின் மேல்வளைவு, முன்கண்ணாடி ஓரம் ஆகிய இடங்களில் பெயின்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே துரு இருக்கு.

2. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் எப்படியும் ஒட்டாது.

3. தரைவிரிப்பையும் ஸ்பெயார் டயரையும் தூக்கிப் பாருங்கள். சேறு, மணல், புழுங்கல் வாடை இருந்தால் வெள்ளத்தில் கிடந்த வண்டியாக இருக்கலாம். 2011 சனவரியில் இந்த மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது நினைவிருக்கும்.

4. கராஜில் வண்டியைத் தூக்கச் சொல்லி அடிச்சட்டத்தைப் பாருங்கள். சேசி இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகணும்.

கதவுத் தகட்டை மாற்றிவிடலாம். அடிச்சட்டம் அரித்த வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நம் மலைப்பாதை வளைவுகளில் அது உயிருக்கே ஆபத்து.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி வீண்செலவு இல்லை.