பல வகைக் கைப்பேசிகளுக்கு ஒரே திரையமைப்பு

அந்தமான் நிகோபார் தீவுகள் வடக்கே லாண்ட்ஃபால் தீவிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை எழுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிற்குப் பரவியுள்ளன. 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் பயிற்சி பெறும் ஊழியர் ஒருவர், கப்பலேறிக் கமோர்ட்டாவையோ கட்சாலையோ அடைந்த பின்னர், தாம் கற்றதைச் சக ஊழியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவராகிறார். குழந்தையின் எடை, தடுப்பூசி விவரம், மீன்வள அறிவிப்பு, பாடநூலுக்குத் துணையான பாடங்கள் ஆகிய பலவும் இன்று கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டமையால், அவர் கற்பிக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு திரையை உபயோகிக்கும் முறையையே. ‘மேலே வலப்புறமுள்ள பொத்தானை அழுத்துக’ என்று அவர் கூறும்போது, எதிரே அமர்ந்திருப்பவரின் கைப்பேசியில் அப்பொத்தான் கீழே இடப்புறம் இருக்குமானால் பயிற்சி அவ்விடத்திலேயே தடைப்படுகிறது.

கைப்பேசியில் இயங்கும் மென்பொருளுக்குச் ‘செயலி’ என்னும் பெயர் நிலைபெற்றுவிட்டது. (கணிப்பொறியின் ப்ராஸஸர் என்னும் உறுப்புக்கும் இதே பெயரைச் சிலர் சூட்டியுள்ளமையால் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை. இங்கு அது மென்பொருளையே குறிக்கும்.) கைப்பேசிகளை இயக்கும் அடிப்படை அமைப்புகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்று கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு. மற்றொன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். முன்னதற்குரிய செயலிகளை ஜாவா அல்லது காட்லின் என்னும் கணிப்பொறி மொழியிலும், பின்னதற்குரியவற்றை ஸ்விஃப்ட் முதலிய மொழிகளிலும் எழுதுவது வழக்கம். ஒன்றுக்காக எழுதியது மற்றொன்றில் இயங்காது. எனவே ஒரே வேலைக்கு இரு செயலிகளை, பெரும்பாலும் இரு குழுவினர், தனித்தனியே எழுத வேண்டியிருந்தது.

இதனால் செலவு இரட்டிக்கிறது என்பது வெளிப்படை. அதனினும் கவலைக்குரியது, காலப்போக்கில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டுவிடுவதே. தடுப்பூசிப் படிவத்தில் புதியதொரு கேள்வி சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். ஒரு குழு அதை இவ்வாரமும் மற்றொரு குழு அடுத்த மாதமும் சேர்க்குமாயின், இடைக்காலத்தில் வரும் பதிவுகளுள் ஒரு பகுதியில் அக்கேள்விக்கு விடையே இராது. தலைமையகத்தில் கணக்கெடுப்பவர் அதனை ஊழியரின் கவனக்குறைவு என எண்ணக்கூடும்.

இந்தியாவில் உபயோகத்திலுள்ள கைப்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டு வகையினவே. ஆகவே இம்முயற்சி எதற்கு என்னும் வினா எழலாம். வினா நியாயமானதே. எனினும் பொதுமக்களுக்குரிய சேவையில் எஞ்சிய சிலரை விலக்கி வைத்தல் முறையன்று. மேலும் பள்ளியிலுள்ள கணிப்பொறியிலும் அதே பாடம், அதே திரை தோன்றுவது ஆசிரியருக்குப் பேருதவி. ஒரே மூலநிரலிலிருந்து ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ்., வலைப்பக்கம் ஆகிய மூன்றையும் ஆக்கிக்கொள்ளும் முறைகள் இத்தேவையிலிருந்தே தோன்றின.

அம்முறைகளை விளங்கிக்கொள்ள ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களை நினைவுகூர்தல் போதுமானது. குழுவிடம் நாடகம் ஒன்றே, மேடைகளோ பல. ஒவ்வோர் ஊர் மேடைக்கும் தனியாக நாடகம் எழுதுவோர் இலர்.

முதல் முறையில், எந்த ஊரிலும் கிடைக்கக்கூடிய ஒரு பொதுப்பொருளைக் குழு நம்பியிருக்கிறது. எல்லாக் கைப்பேசிகளிலும் வலைப்பக்கங்களைக் காட்டும் உறுப்பு ஒன்று உண்டு. செயலியின் திரைகளை வலைப்பக்கங்களாகவே எழுதி, அவ்வுறுப்பினுள் வைத்து, வெளியே மெல்லிய உறையிட்டுவிட்டால் அது செயலியாகத் தோற்றமளிக்கும். 2009ஆம் ஆண்டையொட்டி ஃபோன்கேப் என்னும் பெயரில் வெளிவந்து, பின்னர் கார்டோவா எனப் பெயர் பெற்ற கருவி இவ்வகையினது. ஆசிரியர்கள் அறிந்த தீக்ஷா செயலி இதற்கு நல்ல உதாரணம். 2017 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற தீக்ஷா, ஸன்பேர்டு என்னும் திறந்த மூலநிரல் தொகுப்பின் மீது அமைக்கப்பட்டது. அத்தொகுப்பின் கைப்பேசிச் செயலி, அயானிக் என்னும் திரையமைப்புக் கருவியையும் கார்டோவாவையும் கொண்டு எழுதப்பட்டது. பாடங்களில் பல வலைப்பக்க வடிவிலேயே இருந்தமையால் இம்முறை பொருத்தமானதே எனலாம். பாடநூலில் அச்சிட்ட கட்டக் குறியீட்டைக் கேமராவால் படித்தவுடன் அதற்குரிய பாடம் திரையில் வருகிறது. கேமராவை இயக்குவது வலைப்பக்கத்தின் வேலையன்று. அதற்கென உறையில் தனித்துண்டு நிரல் பொருத்தப்பட்டுள்ளது. குறியீடு மங்கியிருந்தால் அதனடியில் உள்ள ஆறு எழுத்துகளைத் தட்டச்சு செய்தும் பாடத்தைப் பெறலாம். கடற்காற்றில் நூல்கள் விரைவில் பழுதுறும் தீவுப் பள்ளிகளில் இவ்வசதி சிறிதன்று.

இரண்டாவது முறையில், குழு தன் நாடகத்தை மட்டுமே கொண்டுசெல்கிறது. அரியணையையும் கதவையும் அந்தந்த ஊரிலேயே இரவல் பெறுகிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் இவ்வாறு செயற்படுகிறது. ‘இங்கு ஒரு பொத்தான் வேண்டும்’ எனப் பொதுநிரல் கேட்கிறது. ஆண்ட்ராய்டு தன் பொத்தானையும் ஐ.ஓ.எஸ். தன் பொத்தானையும் அளிக்கின்றன. உபயோகிப்பவருக்குத் தம் கைப்பேசியின் பழகிய தோற்றமே கிடைக்கும். ஆனால் இரு கைப்பேசிகளில் திரை முற்றிலும் ஒன்றாக இராது.

மூன்றாவது முறையினர் அரியணை, படுதா, விளக்கு யாவற்றையும் தாமே வண்டியிலேற்றிச் செல்வோர். வெறும் மேடை ஒன்றே அவர்கள் வேண்டுவது. கூகுள் நிறுவனத்தின் ஃபிளட்டர் (முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வெளிவந்தது) இவ்வகையைச் சேர்ந்தது. கைப்பேசியிடம் அது பொத்தானைக் கேட்பதில்லை. திரையில் ஒரு வெற்றிடத்தைப் பெற்று, ஒவ்வொரு புள்ளியையும் தானே தீட்டுகிறது. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் ஐ.ஓ.எஸ். கைப்பேசிகளில் இதே வழியைப் பின்பற்றுகிறது. அக்கைப்பேசிகளுக்கான அதன் நிலையான பதிப்பு 2025இல் வந்தது. பயிற்சியாளரின் நோக்கில் இம்முறையே மிகச் சிறந்தது. எல்லாக் கைப்பேசிகளிலும் பொத்தான் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் இருக்கும். ஒரே படவிளக்க நூல் அனைவர்க்கும் போதும்.

ஆயினும் வண்டிச் சுமை கூடுகிறது. தீட்டும் பொறியையும் செயலி தன்னுடனேயே சுமப்பதால் அதன் அளவு சில மெகாபைட் பெருகும். பெருநகரத்தில் இது பொருட்டன்று. தீவுகளில் நிலைமை வேறு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடியில் இடப்பெற்ற ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோள் தொடர்பையே நம்பியிருந்தன. போர்ட் பிளேருடன் ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் ஆகிய இடங்களில் அத்திட்டத்தின் கம்பி கரையேறியது. கட்சால் போன்ற தீவுகள் அப்பட்டியலில் இல்லை. கம்பி கரையேறிய தீவிலும் காட்டோரக் குடியிருப்புவரை கைப்பேசி அலை எட்டுமென்பது உறுதியன்று. ஆதலால், ஒருமுறை இறக்கிய பாடத்தை இணையமின்றிப் படிப்பதற்கும், ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பாக மாற்றிக்கொடுப்பதற்கும் தீக்ஷாவில் வகைசெய்யப்பட்டது, திரையின் அழகைவிட இப்பகுதிக்கு முக்கியமானது. தரவைச் சேமித்து வைத்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பும் பகுதியையும் பொதுநிரலிலேயே எழுதிவிட்டால், இரு வகைக் கைப்பேசிகளும் ஒரே விதிப்படி நடந்துகொள்ளும்.

இனித் தமிழைப் பற்றிய செய்தி. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணிப்பொறி ‘க’ என்னும் குறியும் ஒகரக் குறியுமாகவே சேமிக்கிறது. திரையில் காட்டும்போதோ, பின்னே வந்த குறி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ககரத்திற்கு முன்னும் மறு பாதி பின்னும் நிற்க வேண்டும். இவ்வாறு எழுத்துகளை இடம் மாற்றி அமைப்பதற்குத் தனி மென்பொருள் உண்டு. அது இல்லாவிடில் கொம்பு தவறான இடத்தில் நிற்கும். அல்லது புள்ளிகளாலான ஒரு வட்டம் தோன்றும். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் இவ்வாறு சிதைந்து தோன்றியதைப் பலரும் கண்டிருப்பர். இரவல் பொருளை நம்பும் செயலியில் தமிழின் தோற்றம் கைப்பேசியின் பழமையைப் பொறுத்தது. தானே தீட்டும் செயலியோ ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு மென்பொருளையும், வேண்டினால் தமிழ் எழுத்துருவையும் உடன் கொண்டுசெல்வதால் பழைய கைப்பேசியிலும் எழுத்து ஒழுங்காக அமையும். தமிழ் எழுத்துரு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவானதே. இச்சுமையை ஏற்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

எழுத்து ஒழுங்காக அமைந்தாலும் அதற்குரிய இடம் போதாமற் போவதுண்டு. தீவுகளில் ஹிந்தி, வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம், ரோமன் எழுத்தில் எழுதப்படும் நிகோபாரி எனப் பல மொழிகள் வழங்குகின்றன. திரையை வரைவோர் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்தே கட்டங்களை அளந்துவிடுகின்றனர். இடம் போதாத சொல்லை வெட்டி, இறுதியில் மூன்று புள்ளி இடுமாறு கட்டளையிடுவதும் அவர்கள் வழக்கம். ஆங்கிலத்தில் இது பெருந்தவறாக முடிவதில்லை. எதிர்மறைச் சொல் அங்கு முன்னே வந்துவிடுகிறது. தமிழிலோ எதிர்மறை இறுதியில் நிற்பது. ‘அனுப்பப்பட்டது’, ‘அனுப்பப்படவில்லை’ என்னும் இரண்டிலும் முதல் ஆறு எழுத்துகள் ஒன்றே. கட்டத்தில் ஆறெழுத்துக்கே இடமிருக்குமானால் இரண்டும் ‘அனுப்பப்ப…’ என்றே தோன்றும். கிராமத்தில் பத்துக் குழந்தைகளின் எடையைப் பதிந்த ஊழியர், பதிவுகள் தலைமையகத்தைச் சேர்ந்தன என்று நம்பிக் கைப்பேசியை அணைத்துவிடுவார். கைப்பேசி பழுதானாலோ கடலில் விழுந்தாலோ அப்பதிவுகள் மீளா.

திரை பொதுவானது என்றால் பிழையும் பொதுவானது; ஒரே கட்டத்தின் குறுகிய அளவு எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே நேரத்தில் தீங்கு விளைக்கும். ஒருமுறை திருத்தினால் எங்கும் திருந்தும் என்பதும் உண்மையே. ஆனால் திருத்திய பதிப்பு ஒவ்வொரு கைப்பேசியிலும் இறக்கப்படும் வரை பழைய பதிப்பே இயங்கிக்கொண்டிருக்கும். ஆதலால் தமிழ்ச் சொற்களை இட்டே திரையை முதலில் வரைவதும், நிலையைக் குறிக்கும் சொற்களை எவ்விடத்தும் வெட்டாமல் அடுத்த வரிக்கு மடக்குவதும், ‘சேர்ந்தது’, ‘சேரவில்லை’ என முன்னெழுத்துகளுக்குப் பின் விரைவில் வேறுபடும் குறுஞ்சொற்களைத் தெரிந்தெடுப்பதும் தக்கவை. நிறத்தாலோ குறியாலோ வேறுபாட்டை மேலும் உணர்த்தலாம்.

பொதுவாக்க இயலாத பகுதிகளும் உள்ளன. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதி இரு வகைக் கைப்பேசிகளிலும் வெவ்வேறானது. தானே தீட்டும் செயலியின் பொத்தான் கைப்பேசிக்கு வெறும் படமாகவே தென்படுமாதலால், ‘இது பொத்தான், இதன் பெயர் இது’ என்னும் விளக்கத்தைத் தனியே அளித்தாக வேண்டும். ஃபிளட்டர் அதற்கு வழி செய்துள்ளது. எழுதுவோர் பெயரிட மறந்தால் பயனில்லை. அவ்வாறே, செயலி மூடப்பட்டிருக்கையில் பின்னணியில் தரவை அனுப்பும் உரிமையை ஐ.ஓ.எஸ். மிகவும் கட்டுப்படுத்துகிறது. ஆண்ட்ராய்டிலும் மின்கலச் சேமிப்பிற்காகச் சில தயாரிப்பாளர்கள் அவ்வேலையை நிறுத்திவிடுகின்றனர். ஆகவே துறைமுகத்தை அடைந்து அலை கிடைத்ததும் ஊழியர் செயலியை ஒருமுறை திறந்து, நிலுவையிலுள்ள பதிவுகளின் எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை அதை மூடாதிருக்க வேண்டும். அவ்வெண்ணிக்கையைச் செயலியின் முதல் திரையிலேயே இலக்கமாகக் காட்டுவது நலம். இலக்கத்திற்கு ஓரிரு எழுத்தளவு இடமே போதும், எந்த மொழியினரும் அதைப் படிப்பர்.