ஆயிரம் இலைப் பணியாரம்

1782ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே சுஃப்ரேன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் நமது திருகோணமலைத் துறைமுகத்தைக் கைப்பற்றினார். அப்படை விரைவில் அகன்றது. அந்நாட்டுப் பணியாரக் கலை இங்கே வேரூன்றவில்லை. பாண், போறணை என்னும் சொற்களுங்கூடப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவையே. அக்கலை நிலைத்த கடைகளைத் தமிழகத்தின் அருகே காண விழைவோர், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் செல்லல் வேண்டும்.

அப்பணியாரங்களுள் ஒன்று 'மில்ஃபெய்'. ஆயிரம் இலை என்பது பொருள். கோதுமை மாவினுள்ளே குளிர்ந்த வெண்ணெயைப் பொதிந்து, உருட்டிப் பரப்பி, மூன்றாக மடிப்பர். இவ்வாறு ஆறு முறை மடித்தால் வெண்ணெய்ப் படைகள் 729 ஆகும். (ஆயிரம் என்றது சற்றே உயர்வு நவிற்சிதான்!) போறணையிலே மாவின் ஈரம் ஆவியாகி, அப்படைகளைத் தனித்தனியே உயர்த்துகின்றது. வெண்ணெய் முன்னரே உருகிவிடின் படைகள் ஒட்டிக்கொள்ளும். அத்தனை உழைப்பும் வீண்.

துறைமுகத்து வெப்பத்திலே வெண்ணெய் நில்லாது. ஆகவே எளிதில் உருகாத மாஜரினை வெதுப்பகத்தார் நாடுவர். அதிலே குற்றமில்லை, வெண்ணெய்ப் பணியாரமென விலை கூறுவதே குற்றம். கண்ணாடிப் பெட்டியின் அலங்காரத்தை நம்பற்க. வெட்டிய பக்கத்திலே இதழ்கள் பிரிந்து நிற்கின்றனவா என நோக்குக. வெண்ணெய் வாயிலே கரைந்துபோம். மாஜரினோ மேலண்ணத்திலே மெழுகுபோற் படியும்.