வளைந்தது பந்து மட்டும்தானா?

ஒரு பெண் சப்பாத்தியை வட்டமாக இடக் கற்றுக்கொள்வது முக்கியமா, வட்டப் பந்தை வளைத்து உதைக்கக் கற்றுக்கொள்வது முக்கியமா?

இந்தக் கேள்வியை எந்த வீட்டுக் கூடத்தில் எழுப்பினாலும் ஐந்து நிமிஷத்தில் இரண்டு கட்சி ஏற்பட்டுவிடும். ஒரு கட்சிக்கு அம்மா தலைவி. மற்றதற்கு மகள் தலைவி. அப்பா எந்தக் கட்சியிலும் சேராமல் பத்திரிகையைப் பிரித்து முகத்தை மறைத்துக் கொள்வார்!

இதே வழக்கை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஒரு சினிமாப் படம் எடுத்தார்கள். 'பெண்ட் இட் லைக் பெக்கம்' என்பது அதன் பெயர். பெக்கமைப் போலப் பந்தை வளைத்து உதை என்று அர்த்தம். 2002-ம் வருஷம் ஏப்ரல் மாதம் இங்கிலாந்திலும், அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. சுமார் 35 லட்சம் பவுன் செலவில் எடுத்த படம், உலகமெங்கும் ஓடி 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஹிந்தியில் 'புட்பால் ஷுட்பால் ஹாய் ரப்பா' என்று பெயர் வைத்தார்கள். 'ஐயோ, பகவானே!' என்று ஒரு தாயார் தலையில் கை வைத்துக்கொள்வது அந்தப் பெயரிலேயே கேட்கிறதல்லவா?

காதல் உண்டு, பந்தயம் உண்டு, சிரிப்பும் கேலியும் உண்டு. அப்படியும் படம் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுச் சும்மா போய்விடவில்லை. இருபது வருஷங்களுக்கு மேலாகியும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. அவர்கள் என்னதான் சொல்கிறார்கள்?

கதை இதுதான்

லண்டனுக்கு மேற்கே ஹௌன்ஸ்லோ என்ற பேட்டை. விமானங்கள் வீட்டுக் கூரையை உரசுவது போலப் பறக்கும். அங்கே பம்ரா என்ற சீக்கியக் குடும்பம். மூத்த பெண் பிங்கிக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. இளைய பெண் ஜெஸ்மிந்தர், சுருக்கமாக ஜெஸ், நன்றாகப் படிக்கிறவள். அவள் வக்கீலாக வேண்டும், வீட்டுச் சமையல் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அந்த வீட்டுக் கூடத்தில் குரு நானக் படம் மாட்டியிருக்கிறது. ஜெஸ்ஸின் அறையிலோ டேவிட் பெக்கம் படம்! மனக்குறையை அம்மா குருவிடம் சொல்லிக்கொள்கிறாள். மகள் பெக்கமிடம் சொல்லிக்கொள்கிறாள்.

பூங்காவில் பையன்களோடு பந்து விளையாடும் ஜெஸ்ஸை ஜூல்ஸ் என்ற ஆங்கிலப் பெண் பார்க்கிறாள். தன் பெண்கள் குழுவில் சேர்த்துவிடுகிறாள். பயிற்சியாளன் ஜோ ஓர் ஐரிஷ் வாலிபன். "ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது" என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஜெஸ் ஆடப் போகிறாள். கல்யாணத்துக்குப் பாதரட்சை வாங்கக் கொடுத்த பணத்தில் கால்பந்து பூட்ஸ் வாங்கிவிடுகிறாள். உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்கே போய் விளையாடிவிட்டு வருகிறாள். கடைசியில் அக்காளின் கல்யாணமும் இறுதிப் பந்தயமும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. எங்கே போவது?

அம்மா கட்சி

தாய்மார்களின் முதல் குற்றச்சாட்டு, பெண் பொய் சொன்னாள் என்பது. ஒரு பொய்யா இரண்டு பொய்யா? அதையெல்லாம் வேடிக்கை போலக் காட்டிவிட்டு, முடிவில் அவளுக்கே வெற்றியைக் கொடுத்துவிட்டால், பார்க்கும் குழந்தைகள் என்ன கற்றுக்கொள்ளும்? 'பெற்றவளை ஏமாற்றினால்தான் முன்னேறலாம்' என்பதா பாடம்?

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கொஞ்சம் கசப்பானது. அம்மாவை மாத்திரம் ஏன் கேலிப் பொருளாக்க வேண்டும்? அந்நிய தேசத்தில் வந்து, குளிரிலும் அவமதிப்பிலும் குடும்பத்தைக் கட்டிக் காத்தவள் அவள். தன் பாஷையும் சமையலும் வழக்கமும் பிள்ளைகளோடு போய்விடுமோ என்று பயப்படுகிறாள். அந்தப் பயத்தைச் சிரிப்பாக்கலாமா என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

இதற்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டும். படத்தில் கேலிக்கு ஆளாகிற தாயார் சீக்கிய அம்மாள் மாத்திரம் அல்ல. ஜூல்ஸின் தாயார் போலா சுத்தமான ஆங்கிலப் பெண்மணி. வீட்டில் பாஷைக் கட்டுப்பாடு இல்லை, குரு படம் இல்லை. ஆனால் கவலை அதே கவலை! 'இப்படிப் பந்தின் பின்னால் ஓடினால் இவளை எவன் கட்டிக்கொள்வான்?' என்று அவளும் தவிக்கிறாள். மகளுக்கு அலங்கார ஆடை வாங்கித் தரக் கடைக்கு இழுத்துப் போகிறாள். தலைமயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஜூல்ஸ் ஜெஸ்ஸைக் கட்டிக்கொள்வதைப் பார்த்த சம்பந்தி வீட்டார், அவளை ஆண்பிள்ளை என்று நினைத்துக் கல்யாணத்தையே நிறுத்துகிறார்கள். போலாவோ இரண்டு பெண்களுக்கும் இடையே காதல் என்றே தீர்மானித்து ரகளை செய்கிறாள். இந்தத் தாயாரும் சரி, அந்தத் தாயாரும் சரி, ஒரே தராசில்தான் நிறுக்கப்படுகிறார்கள்.

போலா வரும் ஒரு காட்சியைப் பெண் ரஸிகர்கள் மறப்பதில்லை. மகளோடு பேச விஷயம் வேண்டும் என்பதற்காகவே அவள் கால்பந்து விதியைக் கற்றுக்கொள்ள முன்வருகிறாள். 'ஆப்-ஸைடு' என்ற அந்த விதி ஆண்பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்குப் புரியாது. கணவர் சாப்பாட்டு மேஜையிலிருந்த கடுகு விழுதையும் உப்பையும் சாஸ் பாட்டிலையும் ஆட்டக்காரர்களாக நகர்த்திப் பாடம் நடத்துகிறார். அவளுக்கும் புரிந்துவிடுகிறது! மகளைப் புரிந்துகொள்ள ஒரு தாய் எவ்வளவு தூரம் போவாள் என்பதைச் சமையல் சாமான்களைக் கொண்டே காட்டியிருக்கிறார்கள். உபதேசம் ஒரு வார்த்தை கிடையாது.

மகள் கட்சி

இளம் பெண்கள் சொல்வது வேறு. "அவள் பொய் சொன்னாள், சரி, உண்மையைச் சொல்ல அவளுக்கு யார் இடம் கொடுத்தார்கள்?" என்பது அவர்கள் கேள்வி. அவள் வீட்டை வெறுக்கவில்லை. அக்காளின் கல்யாணத்தைக் கெடுக்கவில்லை. கல்லூரிப் படிப்பை விடவில்லை. கேட்பதெல்லாம் மைதானத்தில் தொண்ணூறு நிமிஷம்.

படத்தில் நாடகத்துக்கு உரிய துஷ்டப் பாத்திரம் ஒருவர்கூட இல்லை என்பதைப் பலர் எடுத்துக் காட்டுகிறார்கள். அடிக்கிற தகப்பனார் இல்லை, கதவைப் பூட்டுகிற அம்மா இல்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் அந்தப் பெண்ணிடம் பிரியம். அந்தப் பிரியம்தான் அவளுக்கு விலங்கு. விரோதியை எதிர்த்துவிடலாம், பிரியத்தை எப்படி எதிர்ப்பது? பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு ஏகமனதாக வோட்டு

இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. அது அப்பா பாத்திரம். ஹிந்திப் பட ரஸிகர்களுக்கு நன்கு தெரிந்த அனுபம் கேர் அந்த வேஷத்தில் வருகிறார். பெண் விளையாடக் கூடாது என்று அவரும் சொல்கிறார். கண்ணியக் குறைவு என்பது மேலுக்குச் சொல்கிற காரணம்; உள்ளே இருப்பது வேறு. நைரோபியில் இருந்தபோது அவர் பேர்பெற்ற வேகப் பந்துவீச்சாளர். இங்கிலாந்துக்கு வந்ததும் கிரிக்கெட் கிளப்பில் அவருடைய தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு மட்டையையும் பந்தையும் தொடுவதில்லை என்று வைராக்கியம். தான் பட்ட காயம் பெண்ணுக்கும் படக் கூடாது என்று நினைக்கிறார்.

ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்று மகளின் ஆட்டத்தைப் பார்க்கிறார். அன்று எதிர்க் கட்சிப் பெண் ஒருத்தி ஜெஸ்ஸை இனத்தைச் சொல்லி ஏசுகிறாள். ஜெஸ் ஆத்திரத்தில் அவளைத் தள்ள, நடுவர் ஜெஸ்ஸை வெளியேற்றிவிடுகிறார். அப்பா பயந்தது அப்படியே நடந்துவிட்டது! அப்புறமும், கல்யாணப் பந்தலில் அழுத முகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், 'போய் ஆடிவிட்டு வா. வரும்போது சிரித்த முகத்தோடு வா' என்று அவர்தான் அனுப்பி வைக்கிறார். காயம் படக் கூடாது என்று வீட்டில் வைத்திருந்தால் அவளும் தன்னைப் போல ஆகிவிடுவாள் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த இடத்தில் கைக்குட்டையைத் தேடாதவர்கள் குறைவு.

டைரக்டர் குரிந்தர் சட்டா ஒரு பெண்மணி. 1960-ல் நைரோபியில் பிறந்து, லண்டனில் ஸௌத்தால் பகுதியில் வளர்ந்தவர். அந்த வீடு, அந்தத் தாயார், அந்தத் தலைப்பாகை எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சொந்த வீட்டுக்காரர் செய்கிற கேலியில் இருக்கும் உரிமை படம் முழுவதும் தெரிகிறது.

குறை சொல்பவர்கள்

கதாநாயகியாக வரும் பர்மிந்தர் நாக்ராவையும், ஜூல்ஸாக வரும் கீரா நைட்லியையும் புகழாதவர்கள் இல்லை. நாக்ராவின் காலில் உண்மையாகவே ஒரு தீத்தழும்பு உண்டு. அதை மறைக்காமல் கதையிலேயே சேர்த்துவிட்டார்கள். அரைக் கால்சட்டை போட ஜெஸ் கூச்சப்படுவதற்கு அது ஒரு காரணமாக அமைகிறது. அழகான யோசனை!

ஆனால் காதல் விஷயத்தில்தான் பலருக்கு அதிருப்தி. ஜெஸ், ஜூல்ஸ் இருவருக்கும் ஜோவின் மேல் பிரியம் ஏற்பட்டு, அதனால் சிநேகம் முறிகிறது. 'இரண்டு கெட்டிக்காரப் பெண்களைச் சேர்த்துவிட்டு, நடுவில் ஓர் ஆண்பிள்ளையைப் போட்டுச் சண்டை மூட்ட வேண்டுமா? பயிற்சி கொடுக்கிறவன் தன்னிடம் பயிலும் பெண்ணைக் காதலிப்பது முறைதானா?' என்று கேட்கிறார்கள். அந்த இரண்டு பெண்களின் நட்புத்தான் படத்தின் உண்மையான காதல் கதை, டைரக்டர் அந்த வழியிலேயே போயிருக்க வேண்டும் என்று வாதாடும் ரஸிகர்களும் ஏராளம். ஜெஸ்ஸின் நண்பன் டோனி, தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்கிறான். அவளுடைய ரகசியம் வெளிவந்து தீர்ந்துவிடுகிறது. அவனுடையது கடைசிவரை அவனிடமே தங்கிவிடுகிறது. அந்தப் பையனுக்காக மனம் வருந்தியவர்களும் உண்டு.

விளையாட்டல்ல, சரித்திரம்

'பெண்கள் பந்து விளையாடுவதற்கு இவ்வளவு தடபுடலா?' என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பழைய கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1920-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூல் நகரத்தில் நடந்த ஒரு பெண்கள் பந்தயத்துக்கு 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் விழித்துக்கொண்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன்னைச் சேர்ந்த மைதானங்களில் அவர்கள் ஆட இடம் தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தத் தடை நீங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆகவே, போலா அம்மாளின் கவலை அவள் தலையில் முளைத்ததல்ல. ஒரு தேசமே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

2022-ல் ஐரோப்பியப் பெண்கள் கோப்பையின் இறுதி ஆட்டத்தை வெம்ப்ளி மைதானத்தில் 87,192 பேர் பார்த்தார்கள். இங்கிலாந்துப் பெண்கள் ஜயித்தார்கள். 2025-லும் கோப்பையைக் காப்பாற்றிக் கொண்டார்கள்.

படத்தின் யாத்திரையும் விசித்திரமானது. 2010-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, வட கொரியாவில் டெலிவிஷனில் இதைக் காட்டினார்கள். மேல்நாட்டுப் படம் ஒன்று அங்கே அப்படி ஒளிபரப்பானது அதுவே முதல் தடவை என்றார்கள். அங்கங்கே கத்தரித்துத்தான் காட்டினார்களாம். எவ்வளவு கத்தரித்தாலும், வீட்டுக்கு அடங்கிய பெண் ஒருத்தி வெளியே ஓடுவதை எப்படிக் கத்தரிப்பது?

தீர்ப்பு

கடைசிப் பந்தயத்தில், கடைசி நிமிஷத்தில், கோலை நோக்கி உதைக்கும் வாய்ப்பு ஜெஸ்ஸுக்குக் கிடைக்கிறது. எதிர்க் கட்சியார் சுவர் போல வரிசையாக நிற்கிறார்கள். அவள் கண்ணுக்கோ அங்கே நிற்பது அம்மா, அக்காள், அத்தைமார், எல்லோரும் கல்யாண உடையில்! வீட்டுப் பெண்களே சுவராகி நிற்கிறார்கள். ஜெஸ் பந்தை அவர்கள் மேல் அடிக்கவில்லை. அவர்களைச் சுற்றி வளைத்து அனுப்புகிறாள். ஆட்டம் முடிந்ததும் சகாக்கள் புடவையைச் சுற்றிவிட, ஓடோடிக் கல்யாணத்துக்கு வந்து சேர்கிறாள்.

படம் பார்த்த இரண்டு கட்சியாருக்கும் இதுதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவரை இடித்திருந்தால் அம்மா கட்சி சொல்வது நியாயம். சுவரைக் கண்டு திரும்பியிருந்தால் மகள் கட்சி அழுவது நியாயம். வளைத்து அனுப்பப் பொறுமையும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். அதுவும் போதவில்லை. அன்றிரவு டோனி ஒரு பொய்யைச் சொல்லி அவளைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஜெஸ் அதை மறுத்து, அமெரிக்காவில் விளையாடிப் படிக்க இடம் கிடைத்திருக்கும் உண்மையை எல்லோருக்கும் முன்னால் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் வீடு வழிவிடுகிறது. பொய்யினால் வென்றாள் என்று சொல்கிறவர்கள் இந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

அம்மாவும் வளைந்துகொடுக்கிறாள், ஆனால் முழுக்க அல்ல. சமையல் முழுவதும் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது, மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விடை கொடுக்கிறாள். சப்பாத்தி வட்டமாக வந்ததா என்பதை மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை!