வானூர்திப் பதிவும் பதிவுநீக்கமும்

கடலிற் செல்லுங் கலம் தன் நாட்டின் கொடியைத் தாங்கிச் செல்கின்றது. வானிற் செல்லும் ஊர்திக்குக் கொடி கட்டுதல் இயலாது. ஆயினும் அதற்கும் நாடு உண்டு. அதன் சிறகின் கீழும் உடற்புறத்திலும் தீட்டப்பெற்ற சில எழுத்துக்களே அதன் கொடியாகும். அவ்வெழுத்துக்களைப் பெறுதலும் பின்னர் அழித்தலும் வெறும் கந்தோர்க் கருமம் போலத் தோன்றும். ஆனால், ஓர் ஊர்தியை யார் பறக்கவிடலாம், யார் மீட்டுச் செல்லலாம் என்னும் வழக்குகள் எல்லாம் ஈற்றில் அப்பதிவேட்டின் ஒரு வரியிலேயே வந்து முடிகின்றன.

வானூர்திக்கு நாட்டுரிமை உண்டென்னும் கொள்கை 1919ஆம் ஆண்டுப் பாரிசுச் சமவாயத்திலேயே வகுக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு திசெம்பர் 7ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிக்காக்கோச் சமவாயம் அதனை மேலும் உறுதிப்படுத்தியது. எந்த நாட்டில் ஊர்தி பதியப்பட்டுளதோ அந்நாட்டின் உரிமையே அதற்கு உண்டு என்பது அச்சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை. ஒரே காலத்தில் இரு நாடுகளிற் பதிதல் செல்லாது, ஆனால் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பதிவை மாற்றலாம் என்பது 18ஆம் உறுப்புரை. மனிதருக்கு இரட்டைக் குடியுரிமை உண்டு. வானூர்திக்கு அது கிடையாது. காரணம் எளிது. ஊர்தி பறத்தற்குத் தகுதியுடையதெனச் சான்றிதழ் வழங்குவதும், அதன் வலவருக்கு அனுமதிப்பத்திரம் அளிப்பதும் பதிவு செய்த நாட்டின் கடன். இரு நாடுகள் பொறுப்பேற்பின் ஒன்றேனும் செவ்வனே பொறுப்பேற்றதாகாது.

நாட்டைக் குறிக்கும் எழுத்துக்கள் பெரும்பாலும் வானொலி அழைப்புக் குறிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. பிரித்தானியாவுக்கு 'ஜீ', பிரான்சுக்கு 'எவ்', பாக்கித்தானுக்கு 'ஏ.பீ.'. இந்தியாவின் 'வீ.ரீ.' என்பதற்கு வைசிராயின் ஆட்சிப்புலம் என்று பொருள் கூறுவோர் பலர். உண்மையில் அது வானொலிப் பங்கீட்டில் இந்தியாவுக்கு வீழ்ந்த தொடரேயன்றி வேறன்று. 1947ஆம் ஆண்டு திசெம்பர் 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்த எயர் சிலோன் டக்கோட்டா 'வீ.பீ.சீ.' என்று தொடங்கும் எழுத்துக்களையே தாங்கியிருந்தது. அது குடியேற்ற நாட்டுக் குறி. இலங்கை ஊர்திகள் இன்று '4ஆர்' என்னுங் குறியைத் தாங்குகின்றன.

நாட்டுக் குறியை அடுத்து வருவது ஊர்திக்கே உரிய குறி. இதனை விரும்பியவாறு சூட்டிக்கொள்ளலாம் எனினும் சில எழுத்துச் சேர்க்கைகளுக்குத் தடையுண்டு. ஆபத்துக் காலத்தில் ஒலிக்கும் 'எஸ்.ஓ.எஸ்.', 'பான்' முதலியவற்றை ஒரு விமானத்தின் பெயராக வைப்பின் நேரக்கூடிய குழப்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. சிறகின் கீழ் எழுதப்படும் எழுத்துக்கள் 50 சென்ரிமீற்றருக்கும், உடற்புறத்து எழுத்துக்கள் 30 சென்ரிமீற்றருக்கும் குறையாத உயரம் உடையனவாதல் வேண்டும். அன்றியும், தீப்பற்றாத உலோகத் தகடொன்றில் இக்குறியைப் பொறித்து வாயிலருகே பதித்தல் வேண்டும். ஊர்தி எரிந்து சாம்பராயினும் அத்தகடு அஃது இன்னதெனச் சொல்லும்.

பதிவை வேண்டுவோர் விற்பனைப் பத்திரத்தையும், ஊர்தியின் வகை, ஆக்கியோர் இட்ட தொடரிலக்கம் ஆகிய விபரங்களையும் அதிகாரசபைக்குச் சமர்ப்பிப்பர். இவற்றினும் முதன்மையானது, ஊர்தி வேறெந்நாட்டிலும் பதிவில் இல்லை என்பதற்கான சான்று. முன்னர் வேறொரு நாட்டிற் பதியப்பட்டிருப்பின் அந்நாடு பதிவை நீக்கியதாகத் தரும் பத்திரம் இன்றியமையாதது. இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. காணி உறுதியைப் போன்றதே பதிவுச் சான்றிதழும் எனப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. ஐக்கிய அமெரிக்கச் சட்டப்படி அச்சான்றிதழ் ஊர்தியின் நாட்டுரிமைக்கு முடிந்த சான்றாகும். சொந்தக்காரர் யாரென்பதற்கு அது சான்றாகாது.

பதிவு செய்தலினும் பதிவுநீக்கமே இடர்ப்பாடு மிக்கது. ஊர்தி அழிந்துபடின், அல்லது பிறநாட்டாருக்கு விற்கப்படின், நீக்குதல் எளிது. ஆனால் இக்காலத்து விமானக் கம்பனிகள் பல தம் ஊர்திகளை வாடகைக் குத்தகைக்கே பெறுகின்றன. குத்தகைப் பணம் நின்றுபோனால் உரிமையாளர் ஊர்தியை மீட்க விரும்புவர். பழைய நாட்டின் பதிவு நீங்கும்வரை புதிய நாடு அதனை ஏற்காது; எனவே அது நிலத்திலேயே கிடக்கும். இதற்குப் பரிகாரமாக 2001ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி கேப் ரவுனில் ஒரு சமவாயமும் வானூர்திகளுக்கான உடன்படிக்கையும் எழுந்தன. குத்தகைக்கு எடுப்போர் தொடக்கத்திலேயே மீளப்பெற முடியாத ஓர் அதிகாரப் பத்திரத்தை எழுதிக் கொடுப்பர். அதனைக் காட்டி உரிமையாளர் பதிவுநீக்கம் கோரலாம்.

ஏட்டிலுள்ள இவ்வேற்பாடு நடைமுறையில் எவ்வாறு தடுமாறியது என்பதை இந்தியாவின் 'கோ பெர்ஸ்ற்' கம்பனியின் வீழ்ச்சி காட்டும். 2023ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி, இயந்திரக் கோளாறுகளைக் காரணங் காட்டி அக்கம்பனி முறிவுநிலை மனுச் செய்தது. சில நாட்களில் அதன் சொத்துக்கள் மீது தடைக்காப்பு விதிக்கப்பட்டது. இந்திய விதிப்படி அதிகாரப் பத்திரங் காட்டியோருக்கு ஐந்து வேலைநாட்களுள் பதிவை நீக்குதல் வேண்டும். ஆனால் தடைக்காப்பைக் கருதி அதிகாரிகள் நீக்காதிருந்தனர். கடன்பட்ட கம்பனியை உயிர்ப்பித்து ஊழியரின் பிழைப்பைக் காத்தல் அத்தடைக்காப்பின் நோக்கம்; அதனைப் பழித்தல் ஆகாது. ஆயினும் பறவாத விமானம் ஆண்டுதோறும் பெறுமதி குன்றும் பொருள். 2024ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆந் திகதி டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலைநாட்களுள் நீக்குமாறு கட்டளையிட்டது. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அவை நிலத்திலேயே நின்றன. 2025ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் கேப் ரவுன் ஏற்பாடுகளுக்குச் சட்டவலு அளிக்கும் தனிச் சட்டமொன்றை இயற்றியது.

இதனினும் கடுமையானது, நீக்காமலே மறுபதிவு செய்தல். 2022ஆம் ஆண்டில் உக்கிரேன் போர் மூண்டபோது உருசியக் கம்பனிகள் பறக்கவிட்ட அயல்நாட்டுக் குத்தகை விமானங்களுட் பெரும்பாலானவை பேர்மியூடாவிலும் அயர்லாந்திலும் பதியப்பட்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் குத்தகைகளை முடிக்குமாறு பணித்தது. மார்ச்சு 12ஆந் திகதி பேர்மியூடா தன் பறப்புத் தகுதிச் சான்றிதழ்களை இடைநிறுத்தியது. இரு நாட்களின் பின் உருசியா அவற்றைத் தன் ஏட்டிலே பதிய வழிசெய்யுஞ் சட்டத்தை இயற்றியது. பழைய நாடு பதிவை நீக்கவில்லை. புதிய நாடு பதிந்துகொண்டது. 18ஆம் உறுப்புரை தடுத்த இரட்டைப் பதிவு இதுவே. உருசிய எல்லைக்குள் அவ்விமானங்கள் பறந்தன; எல்லை கடப்பின் உரிமையாளர் பிடித்துக்கொள்வர் என்னும் அச்சம் அவற்றைத் தொடர்ந்தது. 2023ஆம் ஆண்டு முதல் உரிமையாளர் சிலர் உருசியக் காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து ஈட்டுப்பணம் பெற்று, அவ்விமானங்கள் மீதான தம் உரிமையைக் கைவிட்டனர்.