பூனை எங்கே, கண்டுபிடி!

குழந்தைகளுக்குச் சிற்பம், சித்திரம் பற்றியெல்லாம் சொல்லித் தர வேண்டும் என்று நமக்கெல்லாம் ஆசைதான். ஆனால் நான் முதல் தடவை அதைச் செய்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போனோம். பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 8. கையில் ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு சிற்பத்தின் முன்னாலும் நின்று, "7-ஆம் நூற்றாண்டு, முதலாம் நரசிம்மவர்ம பல்லவன், மாமல்லன் என்று பட்டப்பெயர்..." என்று படித்துக்கொண்டே வந்தேன். பெரியவன் கொட்டாவி விட்டான். சின்னவள் சுண்டலுக்கு அடம் பிடித்தாள். எனக்கு வந்ததே கோபம்! எல்லோர் முன்னாலும் பெரியவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அவன் அழவில்லை. "கல்லைப் பாத்து என்னம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டான்.

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் 'பல்லவர் கலை' கட்டுரையை மனப்பாடம் செய்து பத்துக்கு எட்டு மார்க் வாங்கியவள் நான். அந்தக் கல்லை ஒரு ஐந்து நிமிஷமாவது நின்று பார்த்திருக்கிறேனா?

மறுபடி போனபோது புத்தகத்தை வீட்டிலேயே படித்து முடித்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுப் போனேன். ஆளுக்கொரு நோட்டு, பென்சில், அவ்வளவுதான். காலை வெயில் நேராக விழும் நேரமாகப் பார்த்துப் போனோம். அந்தப் பெரிய பாறைச் சிற்பம் கிழக்கு பார்த்தது. காலையில்தான் எல்லாம் எடுப்பாகத் தெரியும்.

90 அடிக்கு மேல் நீளம், 40 அடிக்கு மேல் உயரம். பெரியவர்களுக்கே எங்கே பார்ப்பதென்று திகைப்பாக இருக்கும். நான் ஒன்றும் விளக்கவில்லை. "இதிலே ஒரு பூனை இருக்கு, ஒரு மான் மூக்கைச் சொறிஞ்சுக்குது. யார் முதல்ல கண்டுபிடிக்கிறீங்க பார்ப்போம்" என்றேன்.

மானைச் சின்னவள் பிடித்தாள். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது, நம் தெருவில் நிற்கும் ஆட்டுக்குட்டி மாதிரியே! பெரிய யானையின் தந்தத்தருகே பூனையைப் பார்த்தது பெரியவன். பின்னங்காலில் நின்று முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது, சுற்றிலும் எலிகள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவன் திடீரென்று, "அம்மா! மேலே தாடிவச்ச ஒருத்தர் ஒத்தைக்கால்ல நிக்கறாரே, இந்தப் பூனை அவரை மாதிரியே நடிக்குது!" என்று கத்தினான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகுதான் மகாபாரதத்தில் வரும் போலித் தவசிப் பூனையின் கதையைச் சொன்னேன். கங்கைக்கரையில் கையைத் தூக்கி நின்று, நம்பி வந்த எலிகளை விழுங்கிய கதை.

அடுத்தது சண்டை. தவம் செய்கிறவர் அர்ஜுனன் என்றான் அண்ணன். எதிரே சிவன் வரம் கொடுக்கிறாரே, பாசுபதாஸ்திரம்தான் என்று வாதம். நடுவில் உள்ள வெடிப்பில் நாகர்கள் இருக்கிறார்களே, அது கங்கை இறங்கும் வழி, ஆகவே அவர் பகீரதன் என்றாள் தங்கை. என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். அறிஞர்களே இன்னும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள், நான் யார் தீர்ப்புச் சொல்ல! "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றேன். இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும் வரை முடியவில்லை.

ஐந்து ரதங்களில் இன்னொரு வேடிக்கை. நகுல சகாதேவ ரதத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் யானை நிற்கிறதல்லவா? "ரெண்டையும் பின்பக்கமா நின்னு பாருங்க" என்றேன். ரதத்தின் பின்புற வளைவும் யானையின் பின்புறமும் ஒரே மாதிரி! இந்த மாதிரிக் கட்டடத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர் என்றதும் இருவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், நான் சொல்லாமலே.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு சலவை சோப்புக் கட்டி, ஒரு பழைய ஸ்பூன், ஒரு ஹேர்பின் கொடுத்தேன். ரதங்களைப் போலவே மேலிருந்து கீழாகச் செதுக்க வேண்டும், உடைந்ததை ஒட்டக் கூடாது என்பதுதான் சட்டம். (சீவிய தூளை வீணாக்காதீர்கள், ஊறவைத்துத் துணி துவைக்கலாம்.) பெரியவன் யானை செய்தான். முக்கால்வாசி முடிந்தபோது தும்பிக்கை பட்டென்று உடைந்தது. முகம் சுருங்கிவிட்டது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

வெகு நேரம் கழித்து வந்து, "பாறையிலே உடைஞ்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்பாங்க?" என்றான்.

"நீ என்ன பண்ணப் போறே?"

சாயங்காலம் பார்த்தால் தும்பிக்கை இல்லாத யானை படுத்திருக்கும் நந்தியாகியிருந்தது. கொம்பு கொஞ்சம் கோணல்தான். பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். இவர் ஒருநாள் அவசரத்துக்குக் குளிக்க எடுத்துப் போகப் பார்த்தார், பெரிய ரகளையாகிவிட்டது.

வரும் விடுமுறைக்குப் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போவதாக இருக்கிறோம். அங்கே குகைக் கூரையில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று தேட வேண்டிய பட்டியலை இப்போதே தயார் செய்துவிட்டேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்குமே என்றேன். ஒரு கைக்கண்ணாடி எடுத்துப் போனால் குனிந்தே பார்க்கலாம் என்கிறாள் சின்னவள்.