ஆய்விதழ் யார் காசில் நடக்கிறது?

2015 அக்டோபரில் 'லிங்குவா' என்ற மொழியியல் ஆய்விதழின் ஆசிரியர்கள் ஆறு பேரும், ஆசிரியர் குழுவில் இருந்த 31 பேரும் கூண்டோடு விலகினார்கள். 1949-இல் தொடங்கிய இதழ் அது. துறையில் நல்ல பெயர். கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்க வழி வேண்டும், அதற்காக எழுதுபவரிடம் வாங்கும் கட்டணம் 400 யூரோவைத் தாண்டக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். வெளியிட்டுவந்த எல்சவியர் நிறுவனம் ஒப்பவில்லை. யோஹான் ரூரிக் தலைமையில் வெளியேறியவர்கள் 'குளோசா' என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் வந்தார்கள், எழுதுபவர்கள் வந்தார்கள். பழைய பெயர் மட்டும் வரவில்லை. அது எல்சவியரின் சொத்து.

இந்தத் தொழிலின் விசித்திரம் அங்கேதான் இருக்கிறது. வார இதழில் கதை எழுதினால் சன்மானம் வரும், தாமதமாகவாவது. ஆய்விதழில் எழுதுபவருக்குக் காசில்லை. கட்டுரையைப் படித்துக் குறை சொல்லும் மதிப்பீட்டாளருக்கும் பெரும்பாலும் காசில்லை. இருவருக்கும் சம்பளம் தருவது பல்கலைக்கழகம். அந்த இதழைச் சந்தா கட்டி வாங்குவதும் பல்கலைக்கழக நூலகம். சொந்த வயல் நெல்லை மில்லுக்குச் சும்மா கொடுத்துவிட்டு, அரிசியைக் கடை விலைக்கு வாங்கும் கதைதான். எல்சவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸின் அறிவியல் பதிப்புப் பிரிவு, 2023-இல் வருவாயில் ஏறத்தாழ 38 சதவீதத்தை லாபமாகக் காட்டியது.

காகிதமும் தபாலும் போய்விட்டால் விலை இறங்கும் என்று பலர் நம்பினார்கள். இறங்கவில்லை. இந்தக் கடைக்கு எதிர்க்கடை கிடையாது: ஓர் இதழில் வந்த கட்டுரை இன்னோர் இதழில் கிடைக்காது. போதாக்குறைக்கு, நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாக விற்கும் முறையும் வந்தது. வேண்டிய பத்துக்காக வேண்டாத தொண்ணூறையும் நூலகங்கள் சுமந்தன.

குறைந்த செலவில் நடத்த முடியும் என்பதற்குச் சாட்சி இல்லாமல் இல்லை. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய 'ஆர்கைவ்' களஞ்சியத்தில் படிக்கவும் கட்டணமில்லை, பதிவேற்றவும் கட்டணமில்லை. பின்னர் அது கார்னெல் பல்கலைக்கழகத்தின் பராமரிப்புக்கு வந்தது. 2022 தொடக்கத்திலேயே அங்கே 20 லட்சம் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. ஆனால் அது மதிப்பீட்டுக்கு முந்தைய பிரதிகளின் கிடங்கு. இதழ் செய்யும் சலித்தெடுக்கும் வேலையை அது செய்வதில்லை.

படிப்பவரிடம் வாங்காமல் எழுதுபவரிடம் வாங்கலாமே என்று கிளம்பிய வழி, நோயை இடம் மாற்றியது. 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 2021-இல் கேட்ட கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வந்ததும், அதிகம் வெளியிட்டால் அதிகம் லாபம் என்ற சபலமும் கூடவே வந்தது. ஹிந்தாவி பதிப்பகத்தை வைலி நிறுவனம் 2021-இல் 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. காசுக்குக் கட்டுரை தயாரித்துத் தரும் கும்பல்கள் அதன் இதழ்களுக்குள் புகுந்திருந்தது தெரியவந்து, 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது.

இந்தியா எடுத்த வழி மொத்தக் கொள்முதல். 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். சிறு ஊர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம்தான். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை எண்ணிப் பார்த்தால் விடுபட்டவர்களின் அளவு புரியும். தவிர, சந்தா என்பது வாடகை. கட்டுவதை நிறுத்தினால் அடுத்த ஆண்டு இதழ்களுக்குக் கதவு மூடிக்கொள்ளும்.

குளோசா வேறு கணக்குப் போட்டது. அதை இப்போது தாங்கும் 'ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிட்டீஸ்', பல நாட்டு நூலகங்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து இதழ்களை நடத்துகிறது. எழுதுபவருக்கும் கட்டணமில்லை, படிப்பவருக்கும் இல்லை. 'ஆன்யுவல் ரிவ்யூஸ்' பதிப்பகத்தின் யோசனை இன்னும் சாமர்த்தியமானது. நூலகங்கள் வழக்கமான சந்தாவைக் கட்டினால் அந்த ஆண்டு இதழ் உலகுக்கே திறக்கும். போதிய பணம் சேராவிட்டால் பூட்டு. பிரேசில் 1998 முதல் பொதுப்பணத்தில் 'ஸையலோ' என்ற தளத்தை நடத்திவருகிறது. கூட்டுறவுச் சங்கம் போன்ற இந்த வழிதான் நிலைக்கக்கூடியது. அதற்கும் நிரந்தர வருமானம் வேண்டும்; 2000-க்கும் 2019-க்கும் இடையே 170-க்கும் மேற்பட்ட இலவச ஆய்விதழ்கள் இணையத்திலிருந்து சுவடில்லாமல் மறைந்ததாக ஓர் ஆய்வு கண்டறிந்தது.

அரசின் சந்தா ஒப்பந்தம் 2027-ஓடு முடிகிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் நடந்த ஆய்வானால், இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிப் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று 2014-லேயே கொள்கை வந்துவிட்டது. ஆராய்ச்சியாளர்களே, அந்தப் பிரதி உங்கள் கணினியில்தான் இருக்கிறது, இன்றைக்கே ஏற்றுங்கள்.