பொம்மை உலகங்கள் கலக்கும்போது

தனித்தனியாக வெளிவந்த கதைகளின் மாந்தர் அனைவரும் ஒரே உலகில்தான் வாழ்கின்றனர் என்று நிறுவி, ஒரு கதையின் நாயகனை இன்னொரு கதைக்குள் நடமாட விடும் உத்தி, தமிழ்த் திரைப்படம் பார்ப்பவருக்கு இன்று புதிதன்று. 2019இல் வந்த ‘கைதி’யின் டில்லி 2022இல் வந்த ‘விக்ரம்’ படத்தில் குரலாக மட்டும் ஒலித்தபோதே, இரண்டும் ஒரே கதைப்பரப்பைச் சேர்ந்தவை என்பது சென்னையில் பார்த்தவருக்கும் சுங்கைப் பட்டாணியில் பார்த்தவருக்கும் விளங்கிவிட்டது; ‘கைதி’யை மறுபடி பார்த்துவிட்டு வருமாறு இயக்குநர் லோகேஷ் கனகராஜ் முன்கூட்டியே ரசிகரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வாறு பல கதைகள் கூட்டாகக் குடியிருக்கும் பரப்பைப் பொதுக் கதையுலகம் என்றும், அதில் இரு கதைகளின் மாந்தர் எதிர்ப்படுவதைக் கதைச் சந்திப்பு என்றும் கூறலாம். இந்த உத்தி நெடுங்காலமாக வேரூன்றியிருந்த இடம் சித்திரக்கதை. அதிலும், பொம்மைகளை விற்பதற்கென்றே பிறந்த சித்திரக்கதைகளில் அது நடந்த விதமும் வாசகர் அதை எதிர்கொண்ட விதமும் தனியே ஆராயத் தக்கவை.

பொம்மைத் தொழில் கெடா மக்களுக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. மாநில எல்லைக்கு அருகிலுள்ள பிறையில், மாட்டெல் நிறுவனத்தின் தொழிற்சாலையில் வார்க்கப்படும் ஹாட் வீல்ஸ் சிறுகார்கள் உலகச் சந்தைக்குச் செல்கின்றன. அந்தக் கார்களின் பெயரிலேயே 1970இல் அமெரிக்காவின் டி.சி. நிறுவனம் ஒரு சித்திரக்கதை இதழைத் தொடங்கியது. 1982இல் மாட்டெல் ‘ஹீ-மேன்’ பொம்மைகளை வெளியிட்டபோது ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு சிறு கதைப்புத்தகத்தைச் சேர்த்துக் கொடுத்தது; அவ்வாண்டே டி.சி. இதழொன்றில் சூப்பர்மேன் ஹீ-மேனின் உலகுக்குள் சென்று அவனைச் சந்தித்தான். பொம்மை பிறந்த ஆண்டிலேயே கதைச் சந்திப்பும் நிகழ்ந்துவிட்டது என்பது, இந்த உத்தியில் வணிகத்தின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதைக் காட்டும்.

ஆயினும் வணிகக் கணக்கு ஒன்றாகவும் வாசகரின் கணக்கு வேறாகவும் இருந்ததற்கு ‘ரோம்’ என்னும் விண்வெளி வீரனின் வரலாறு தெளிவான சான்று. பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1979இல் வெளியிட்ட அந்த மின்பொம்மை விற்பனையில் தோற்று விரைவில் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் அதை விளம்பரப்படுத்துவதற்காக மார்வெல் நிறுவனம் தொடங்கிய சித்திரக்கதையோ, பில் மாண்ட்லோவின் எழுத்தில் 75 இதழ்கள் வரை வளர்ந்து 1986இல்தான் நிறைவுற்றது. மார்வெலின் பிற நாயகர்கள் வாழும் அதே உலகில் ரோமும் உலவினான் என்பதால், அவனுடைய பகைவர்கள் மற்ற இதழ்களுக்குள்ளும் புகுந்தனர். பின்னர் பொம்மையின் உரிமை மார்வெலின் கையை விட்டுப் போனது. உரிமையின்றிப் பழைய இதழ்களை மறுபதிப்புச் செய்ய இயலாது என்பதால், அத்தொடர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொகுப்பு நூலாக வரவேயில்லை. உரிமையாளரான ஹாஸ்ப்ரோவுடன் உடன்பாடு கண்ட பிறகு, 2024இல்தான் முதல் தொகுதி வெளிவந்தது. பொம்மை மறைந்து, உரிமை முடங்கி, இதழ்கள் பழுப்பேறிய பின்னும் அக்கதை அழியாமல் நின்றதற்குக் காரணம், பழைய பிரதிகளைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்த வாசகரேயன்றி எந்த நிறுவனமும் அன்று.

வாசகர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதை மறந்து எழுதினால் என்ன குழப்பம் நேரும் என்பதற்கு, ஹாஸ்ப்ரோவின் இருபெரும் பொம்மை வரிசைகளான ‘ஜி.ஐ. ஜோ’ படைவீரர்களும் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ இயந்திர மனிதர்களும் முதன்முறை சந்தித்த 1986–87ஆம் ஆண்டுக் குறுந்தொடர் நல்ல எடுத்துக்காட்டு. மஞ்சள் காராக உருமாறும் பம்பிள்பீ, அக்கதையில் நட்பு நாடி வந்தும் படைவீரர்களால் தவறுதலாகச் சுட்டுத் தகர்க்கப்பட்டு, பிறகு கோல்ட்பக் என்னும் புதிய பெயரோடும் உடலோடும் மீட்டெடுக்கப்படுகிறான். கோல்ட்பக் அப்போது கடைக்கு வந்த புதிய பொம்மை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் பிரிட்டனில் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வார இதழ், அமெரிக்கக் கதைகளை மறுபதிப்பிட்டதோடு தனக்கெனப் புதிய கதைகளையும் எழுதிவந்தது. அந்தச் சந்திப்புக் கதை அங்கு உரிய காலத்தில் வெளிவராததால், சைமன் ஃபர்மன் எழுதிய வேறொரு கதையில், டெத்ஸ் ஹெட் என்னும் கூலிக் கொலைஞனால் பம்பிள்பீ தகர்க்கப்பட்டு, ரெக்-கார் என்பவனால் கோல்ட்பக்காக மீட்டமைக்கப்பட்டான். ஒரே இயந்திர மனிதனுக்கு இரு நாடுகளில் இரு வேறு மறுபிறப்புகள் அமைந்துவிட்டன. எது உண்மை என்ற கேள்வியை வாசகர் விடவில்லை. அந்த வழக்கு அவர்களுக்குள் இன்றளவும் தீரவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வழக்கு, கதையைக் கதையாகவே மதித்தவரின் வழக்கு என்பதால் மதிப்புக்குரியது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். குழந்தையின் விளையாட்டில் நிறுவன எல்லை என்ற ஒன்று கிடையாது. பாடாங் செராய், பீடோங் வட்டாரத் தோட்டப்புற வீடுகளின் வாசலில், பாசார் மாலாமில் வாங்கிய நெகிழி வீரனும் காலொடிந்த இயந்திர மனிதனும் சட்டைப்பையிலிருந்து கொட்டிய ரப்பர் கொட்டைகளும் ஒரே போரில் நிற்பதற்கு எவருடைய உரிம ஒப்பந்தமும் தேவைப்படாது. எனவே பொம்மைகள் கலப்பதை வாசகர் வெறுக்கிறார் என்று கருதுவது பிழை. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த ஒரு கதையின் ஓட்டத்தை, வேறொரு பொம்மையின் விற்பனைக்காக இடையில் முறிப்பதைத்தான் அவர் வெறுக்கிறார்.

2016இல் ஐ.டி.டபிள்யூ. பதிப்பகம் ‘ரெவல்யூஷன்’ என்ற தொடரின் வழியே டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ, ரோம், மைக்ரோநாட்ஸ் முதலிய ஹாஸ்ப்ரோ வரிசைகளை ஒரே உலகில் இணைத்தபோது எழுந்த மனக்குறை அதுவே. 2005 முதல் தனக்கென வரலாறும் அரசியலும் கொண்டு முதிர்ந்திருந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைக்குள் அயலார் திடீரெனக் குடியேற்றப்பட்டதாக அதன் நெடுநாள் வாசகர் பலர் உணர்ந்தனர். அந்தக் கதையுலகம் 2018இல் முடித்துவைக்கப்பட்டது. அதற்கு நேர்மாறான வரவேற்பை 2023 ஜூன் மாதம் வெளிவந்த ‘வாய்ட் ரைவல்ஸ்’ முதல் இதழ் பெற்றது. ராபர்ட் கிர்க்மன் எழுதிய அந்த விண்வெளிக் கதை, எந்தப் பொம்மையோடும் தொடர்பில்லாத புதுக்கதை என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. படித்துக்கொண்டே சென்றவர், கைவிடப்பட்ட கலம் ஒன்று எழுந்து ஜெட்ஃபயர் என்னும் டிரான்ஸ்ஃபார்மராக உருமாறுவதைக் கண்டு திகைத்தார். இதழ் பலமுறை மறுஅச்சுக் கண்டது. அதே உலகில் டேனியல் வாரன் ஜான்சன் படைத்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடர், 2024இல் சித்திரக்கதைத் துறையின் உயரிய ஐஸ்னர் விருதையும் வென்றது. ‘ரெவல்யூஷன்’, ‘வாய்ட் ரைவல்ஸ்’ இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே ஹாஸ்ப்ரோதான். ஆனால் முன்னதில் அறிவிப்பு கதையை முந்திக்கொண்டது, பின்னதில் கதையே அறிவிப்பாக அமைந்தது.

மலேசியாவுக்கும் இத்தகைய சந்திப்புகள் உண்டு. ஜப்பானிய அல்ட்ராமேன் வரிசை, பொம்மை விற்பனையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. அதிலிருந்து கிளைத்த அல்ட்ராமேன் ரிபுட், ‘உப்பின் இப்பின்’ சிறுவர்களின் கம்போங் கதைக்குள் வந்திறங்கினான். பின்னர் 2019இல் ஜப்பானின் ‘அல்ட்ரா கேலக்ஸி ஃபைட்’ தொடரிலும் ரிபுட் இடம்பெற்றபோது, மலேசியாவில் பிறந்த மாந்தன் ஒருவன் விருந்தினனாக நிற்காமல் அந்த உலகின் குடிமகனாகவே ஆகிவிட்டான். மோன்ஸ்டா நிறுவனத்தின் ‘போபோய்போய்’ இதைவிடப் பெரிய கட்டமைப்பு. 2011இல் தொலைக்காட்சியில் தொடங்கிய அக்கதையின் ‘கேலக்ஸி’ வரிசை, இரண்டாம் பருவத்தில் சித்திரக்கதை இதழ்களாகத் தொடர்ந்தது. 2021இல் வந்த ‘மெக்கமாட்டோ’, போபோய்போயின் தந்தை அமாட்டோவின் சிறுவயதுக் கதையாக அமைந்து, தந்தையின் காலத்தையும் மகனின் காலத்தையும் ஒரே உலகத்தில் பூட்டியது.

அந்த உலகில் கோபால் என்றொரு தமிழ்ச் சிறுவனும் இருக்கிறான். பொருள்களை உணவாக மாற்றும் ஆற்றல் அவனுடையது. அச்சமும் பசியும், போபோய்போயின் தாத்தா தோக் ஆபாவின் கொக்கோ கடையில் வைத்த கடனும் அவனைச் சுற்றிய நகைச்சுவைகள். கூலிமிலோ லூனாஸிலோ ஒரு தமிழ்ப் பிள்ளை மலாய்மொழிச் சித்திரக்கதையைத் திறக்கும்போது தன் வீட்டுச் சாயலில் காணும் முகம் அதுவே என்பதால், கதைகள் விரிந்து கலக்கும் ஒவ்வொரு முறையும் அவன் என்ன ஆகிறான் என்பது சிறு கேள்வியன்று. நாயகனின் தந்தைக்கு ஒரு முழுத்தொடர் கிடைத்த உலகில், கோபாலின் தந்தை திரு. குமாருக்கும் ஒரு முன்கதை இருக்கத்தான் வேண்டும்; அவர் எந்தத் தோட்டத்திலிருந்து கதை நிகழும் தீவுக்கு வந்து சேர்ந்தார் என்பதை எழுதினால், கடாரத்துத் தமிழர் தம் வாழ்வையே அதில் அடையாளம் காண்பர். கெடாவின் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இந்தக் கோரிக்கையை மலாயிலோ தமிழிலோ எழுதி அந்தப் படைப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் அதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாமல் துணைநிற்க வேண்டும்.